கனமானது முதலில்

லாபிஸ் பட்டணத்தில் ஷாட் கிளாஸ் கிடையாது.
லிம் தவுக்கே கடையில்
சீனச் சாமிக்குத் தேநீர் வைக்கும் குட்டிக் கிளாஸ்கள் இருந்தன.
"எந்தச் சாமிக்கு?" என்றார்.
"நளாயினிக்கு" என்றேன்.
பதினெட்டு எண்ணிக் காகிதத்தில் சுற்றினார்.
இரண்டு வெள்ளி குறைத்தார்.

பாய்லர் சோதனையில் மூன்றாவது தடவை
தேறிவிட்டாள் நளாயினி.
எங்கள் செம்பனை ஆலையில்
நீராவிக்குப் பொறுப்பேற்கும் முதல் பொம்பளை.
விருந்து எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்.
ஆட்டுப் பிரட்டல் அவள் அண்ணனுக்கு.
குடிக்க என்ன என்பது எனக்கு,
ஆலையில் எண்ணெயையும் தண்ணீரையும்
பிரிக்கிறவள் நான்தான்.

எட்டு வருசம் டாங்கி விளிம்பில் நின்றிருக்கிறேன்.
கலக்காமல் விட்டால்
எதுவும் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.
சகதி கீழே. எண்ணெய் மேலே.
நடுவில் குழம்பிக் கிடக்கும் ஒரு விரற்கடை,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோப்பி ஓ, கெட்டியாக.
அதில் குலா மெலாக்கா உருக்கி,
கரண்டியிலிருந்து நூலாய் விழும்வரை காய்ச்சினேன்.
டின் பாலில் ஐடியல் பால் ஊற்றி, சிகாமட்டில் வாங்கிய
பிராந்தி கொஞ்சம் விட்டு, ஐஸ்பெட்டியில் வைத்தேன்.
மூன்றாவது, வெறும் பிராந்தி.
ஆரஞ்சுத் தோல் ஒரு ராத்திரி ஊறியது.

முதல் கிளாஸ் நாசம்.
உயரத்திலிருந்து ஊற்றிவிட்டேன்.
பால் கோப்பிக்குள் குத்திட்டு இறங்கி
ரோட்டோர மழைத்தண்ணீர் நிறம்.
அதை நானே குடித்தேன்.

பிறகு கரண்டியைக் கவிழ்த்து
கிளாஸ் சுவரோடு ஒட்டிப் பிடித்து,
அதன் முதுகில் சொட்டுச் சொட்டாய்.
மூச்சு விடக்கூட யோசித்தேன்.
கறுப்பின் மேல் சந்தன நிறம் வந்து படுத்தது.
அதன் மேல் தேன்நிறம், மெல்லிசாய்.
இனிப்பு கனம். போதை லேசு.
அதனால்தான் எப்போதும்
அது மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ரொஹானிக்கும் ஹபீபாவுக்கும்
தனித் தட்டு, தனிக் கரண்டி:
ரோஸ் சிரப்பு, பாண்டான், மேலே கெட்டித் தேங்காய்ப்பால்.
பிராந்தி இல்லாத இடத்தில்
பாலுக்குப் பதவி உயர்வு.

போர்மன் கதிரேசன் தட்டை எட்டிப் பார்த்து
"இதென்ன, பொம்பளைங்க குடிக்கிற பாயசமா?" என்றார்.
நான்கு கிளாஸ் அவர் கணக்கு.

நளாயினி உடனே குடிக்கவில்லை.
குனிந்து, கிளாஸைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து,
கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல்
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"லெவல் சரி" என்றாள்.
மூன்று அடுக்கு, மூன்று தடவை என்று
அவள் அண்ணன் பேச ஆரம்பிக்கும்முன்
ஒரே மடக்கு.
மேலுதட்டில் வெள்ளை மீசை.
அதோடுதான் எல்லாப் படத்திலும் நிற்கிறாள்.

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.
இந்த வீட்டில் பாட்டில் நுழைந்து
பத்தொன்பது வருசம்.
கடைசியாய் நுழைந்தது சம்சு.
கடைசியாய் வெளியே போனவர் அப்பா.
அது தெரிந்துதான்
அளவுக் கரண்டியை நான் கீழே வைக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு
கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஒன்றின் அடியில் ஒட்டிய கறுப்பை
சுண்டுவிரலால் வழித்து
நான் பார்க்கவில்லை என்று நினைத்து
நாக்கில் வைத்தாள்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்த மனுசன் குடிச்சதும்
இப்படித்தான் இனிச்சிருக்குமா?"

"இல்லம்மா.
அது ஒரே நிறம். தண்ணி மாதிரி."

"ம்" என்றாள்.
பதினேழாவது கிளாஸைக் கவிழ்த்து வைத்து
அடுத்ததை எடுத்தாள்.